குடிக்க நல்ல தண்ணீர், மீனுக்கு நஞ்சு! வண்ணமீன் தொட்டிக்குக் குழாய்த் தண்ணீரைப் பக்குவப்படுத்தும் முறைகள்

பஞ்சாயத்துக் குழாயில் வரும் தண்ணீரைக் குழந்தைகள் குடிக்கிறார்கள். ஆடு, மாடு குடிக்கிறது. ஒன்றும் ஆவதில்லை. அதே தண்ணீரைப் பிடித்த கையோடு வண்ணமீன் தொட்டியில் ஊற்றினால், சில மணி நேரத்தில் மீன்கள் செத்து மிதக்கின்றன. காரணம் தெரியாமல், 'மீனுக்கு நோய் வந்துவிட்டது', 'கடைக்காரர் கெட்ட மீனைக் கொடுத்துவிட்டார்' என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

கொல்லைப்புறத்தில் இரண்டு சிமென்ட் தொட்டி கட்டி கப்பி, மோலி, தங்கமீன் வளர்க்கும் குடும்பங்கள் இன்று பல ஊர்களில் இருக்கின்றன. சென்னை கொளத்தூரில் வீட்டுக்கு வீடு நடக்கும் இந்தத் தொழில், மற்ற மாவட்டங்களிலும் பரவி வருகிறது. பிள்ளைகளின் ஆசைக்காக வரவேற்பறையில் கண்ணாடித் தொட்டி வைத்திருப்பவர்களும் உண்டு. மூன்று மாதம் தீவனம் போட்டு வளர்த்த மீன், விற்கப்போகும் வாரத்தில் ஒரே நாளில் செத்தால் அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய அடி. இந்தச் சாவுகளில் பெரும்பகுதியைச் செலவே இல்லாமல் தடுத்துவிடலாம். தேவை ஒரு நாள் பொறுமையும், தண்ணீரில் என்ன இருக்கிறது என்ற தெளிவும்தான்.

தண்ணீரில் இருப்பது என்ன?

மேல்நிலைத் தொட்டியில் ஏற்றும் தண்ணீரில் கிருமிகளைக் கொல்வதற்காக பிளீச்சிங் பவுடர் கலக்கிறார்கள். அதிலிருந்து வெளிப்படும் குளோரின், வாந்திபேதி, மஞ்சள் காமாலை போன்ற நோய்களைப் பரப்பும் கிருமிகளை அழிக்கிறது. வழியில் குழாய் உடைந்து அழுக்கு நீர் புகுந்தாலும் காப்பாற்றும்படி, வீட்டுக் குழாயில் வரும்போதும் கொஞ்சம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், இந்த மிச்சம் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது. வைரஸ் கிருமிகளிடமிருந்து பாதுகாப்பு தேவைப்படும் சமயங்களில் 0.5 மில்லிகிராம் தேவை.

மனிதர் குடிக்கும் குளோரின் வயிற்றுக்குள் போனதும் செயல் இழந்துவிடுகிறது. மீனின் கதை வேறு. அது நாள் முழுக்கத் தண்ணீரைச் செவுள் வழியாகச் செலுத்தி மூச்சு விடுகிறது. செவுளின் தோல் மிக மெல்லியது. ரத்தம் அதன் அடியிலேயே ஓடுகிறது. குளோரின் அந்த மெல்லிய தோலை அரித்துப் புண்ணாக்குகிறது. பிறகு தண்ணீரில் பிராணவாயு எவ்வளவு இருந்தாலும் மீனால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. லிட்டருக்கு 0.1 முதல் 0.3 மில்லிகிராம் குளோரினே பெரும்பாலான மீன்களைக் கொல்லப் போதும். அதாவது, மனிதருக்குக் குறைந்தபட்சம் தேவைப்படும் அளவே மீனுக்குச் சாகும் அளவு.

'இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே!'

பலரும் இப்படித்தான் கேட்பார்கள். இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, ஊற்றும் அளவு. நூறு லிட்டர் தொட்டியில் பத்து லிட்டர் குழாய்த் தண்ணீரை ஊற்றினால், அதிலுள்ள குளோரின் பத்தில் ஒரு பங்காக நீர்த்துப்போகும். தொட்டியில் உள்ள பாசியும் கழிவும் மீதியையும் இழுத்துக்கொள்ளும். மீன் தப்பித்துவிடும். ஒருநாள் 'தொட்டியைச் சுத்தமாகக் கழுவிவிடலாம்' என்று மொத்தத் தண்ணீரையும் மாற்றும்போது குளோரின் முழு வீச்சில் தாக்குகிறது.

இரண்டாவது, குளோரின் தினமும் ஒரே அளவில் வருவதில்லை. புதிதாகத் திறந்த பிளீச்சிங் பவுடரில் வீரியம் அதிகம். ஈரம் பட்டு நாள்பட்ட பவுடரில் குறைவு. மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்து வீட்டுக் குழாயில் அதிகமாகவும் கடைசித் தெருவில் குறைவாகவும் வரும். மழைக்காலத்திலும், ஊரில் வயிற்றுப்போக்கு பரவும்போதும் கூடுதலாகக் கலப்பார்கள்.

மூன்றாவது, எல்லா மீனும் உடனே சாவதில்லை. குறைந்த அளவு குளோரின் மீனை மெதுவாக நலிய வைக்கிறது. இரை எடுக்காது, துடுப்பை மடக்கிக்கொள்ளும், வெள்ளைப்புள்ளி போன்ற நோய்க்கு எளிதில் ஆளாகும். பத்து நாள் கழித்துச் செத்தால் தண்ணீரின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

இதற்குமேல் கண்ணுக்குத் தெரியாத இழப்பு ஒன்றும் உண்டு. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கே விஷம். அதைத் தீங்கில்லாத பொருளாக மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள், ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கற்களிலும் குடியிருக்கின்றன. நோய்க்கிருமியைக் கொல்லும் குளோரின் இவற்றையும் கொல்லும். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவுபவர்களின் தொட்டியில், இரண்டு மூன்று நாள் கழித்து மீன் சாவதற்கு இதுவே காரணம். பஞ்சை அலசுவதற்கு, தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரைத்தான் பயன்படுத்த வேண்டும்.

முறை 1: பிடித்து வைத்தல்

செலவில்லாத, எல்லோருக்கும் ஏற்ற முறை இது. நாளை மாற்றப்போகும் தண்ணீரை இன்றே பிடித்துவைக்க வேண்டும். குளோரின் ஒரு வாயு. திறந்து வைத்தால் மெல்ல வெளியேறிவிடும். அகன்ற வாயுள்ள டப்பில், காற்றும் வெயிலும் படும் இடத்தில் 24 மணி நேரம் வைத்தால் போதும். வெயில் குளோரினை வேகமாகச் சிதைக்கும். ஆழமான டிரம்மில், நிழலில் வைத்தால் 48 மணி நேரம் விடுவது நல்லது. ஏர் பம்ப் குழாயை உள்ளே விட்டாலும், அவ்வப்போது குவளையால் மொண்டு ஊற்றினாலும் குளோரின் விரைவாக வெளியேறும். மூடியிட்ட மாடித் தொட்டியில் கிடந்த தண்ணீரை, 'இரண்டு நாள் ஆன தண்ணீர்தானே' என்று நம்பி ஊற்றக் கூடாது. மூடிய தொட்டியில் குளோரின் எளிதில் குறையாது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். திறந்து வைத்த நல்ல தண்ணீரில்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். டிரம்மின் வாயைக் கொசுவலைத் துணியால் இழுத்துக் கட்ட வேண்டும். காற்று போகும், கொசு நுழையாது. ஒரு வாரத்துக்கு மேல் எந்தத் தண்ணீரையும் தேக்கி வைக்கக் கூடாது.

அடுத்தது, விவசாயக் குடும்பங்கள் மறக்கக் கூடாத ஒன்று. பூச்சிமருந்து வந்த கேன், மருந்து கலக்கிய வாளி, ஸ்பிரேயர் டேங்க் ஆகியவற்றை எத்தனை முறை கழுவினாலும் மீன் தண்ணீருக்குப் பயன்படுத்தவே கூடாது. சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள், கண்ணுக்கே தெரியாத அளவில் கலந்தாலும் மீனைக் கொன்றுவிடும். மருந்து அடித்துவிட்டு வந்த கையைத் தொட்டிக்குள் விடுவதும் ஆபத்து. மீனுக்கென்றே தனி வாளி, தனி டியூப் வைத்துக்கொள்ள வேண்டும்.

முறை 2: சோடியம் தயோசல்பேட்

அவசரத்துக்கு உதவுவது சோடியம் தயோசல்பேட். கற்கண்டு போல நிறமற்ற படிகமாக, வண்ணமீன் கடைகளிலும் ரசாயனக் கடைகளிலும் கிடைக்கும். கடைகளில் 'ஆன்டி குளோரின்' என்று சிறு பாட்டிலில் விற்கும் திரவங்கள் பலவற்றிலும் இருப்பது இதுதான். கலந்த சில நிமிடங்களில் குளோரினைச் செயலிழக்கச் செய்துவிடும்.

ஒரு மில்லிகிராம் குளோரினுக்கு ஏழு மில்லிகிராம் தயோசல்பேட் என்பது பாதுகாப்பான கணக்கு. நடைமுறையில் 100 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு 1.4 மில்லிகிராம் வரையுள்ள குளோரினை இது சமாளிக்கும். கிராம் கணக்கில் நிறுக்கத் தராசு இல்லாதவர்கள், 100 கிராம் படிகத்தைத் தண்ணீரில் கரைத்து மொத்தம் ஒரு லிட்டராக்கிக்கொள்ளலாம். இந்தக் கரைசலில் 10 மில்லியில் 1 கிராம் இருக்கும். இருமல் மருந்து மூடியால் அளந்துவிடலாம். கரைசலை வெளிச்சம் படாத பாட்டிலில், பெயர் எழுதி ஒட்டி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து ஒரு மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மருந்தை முதலில் வாளித் தண்ணீரில் கலந்து, பிறகுதான் தொட்டியில் ஊற்ற வேண்டும்.

பெயரில் ஒரு பேராபத்து!

இந்தப் படிகத்தைக் கடைகளில் 'ஹைப்போ' என்று சுருக்கமாகச் சொல்வது வழக்கம். ஆனால், மருத்துவமனையிலும் துப்புரவுப் பணியிலும் தரை துடைக்கப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தையும் 'ஹைப்போ' என்றுதான் அழைக்கிறார்கள். முதலாவது குளோரினை அழிப்பது. இரண்டாவது குளோரினையே தருவது. 'ஹைப்போ கொடுங்கள்' என்று கேட்டு, மாற்றி வாங்கி ஊற்றினால் தொட்டியில் ஒரு மீனும் மிஞ்சாது. 'சோடியம் தயோசல்பேட்' என்று எழுதிக்கொண்டு போய்க் கேட்பதே நல்லது. படிகமாக, வாசனையில்லாமல் இருந்தால் சரி. பிளீச்சிங் வாடை அடிக்கும் திரவமாக இருந்தால் அதைத் தொட வேண்டாம்.

தொட்டிக் கணக்கு

மருந்தளவு சரியாக இருக்க, தொட்டியின் கொள்ளளவு தெரிய வேண்டும். நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 1,000 ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 40 செ.மீ. தண்ணீர் உள்ள கண்ணாடித் தொட்டி என்றால் 162 லிட்டர். அடிக்கணக்கில் அளப்பவர்கள், ஒரு கன அடிக்கு 28 லிட்டர் என்று கொள்ளலாம். 6 அடி நீளம், 4 அடி அகலம், ஒன்றரை அடி தண்ணீர் உள்ள சிமென்ட் தொட்டியில் சுமார் 1,000 லிட்டர் இருக்கும்.

வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றினால் போதும். மேலே சொன்ன கண்ணாடித் தொட்டிக்கு 40 லிட்டர். அதற்குக் கரைசல் 4 மில்லி. சிமென்ட் தொட்டிக்கு 250 லிட்டர். கரைசல் 25 மில்லி. மொத்தத் தண்ணீரையும் ஒரே நாளில் மாற்றுவது, குளோரின் இல்லாத தண்ணீராக இருந்தாலும் மீனுக்கு அதிர்ச்சிதான். புதுத் தண்ணீரின் சூடும் தொட்டித் தண்ணீரின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். வெயிலில் காய்ந்த தண்ணீரை உடனே ஊற்றாமல், நிழலில் ஆறவிட்டு ஊற்ற வேண்டும்.

ஊற்றும் முன் ஒரு சோதனை

மூக்கை நம்பக் கூடாது. வாடை இல்லாவிட்டாலும் மீனைக் கொல்லும் அளவு குளோரின் இருக்கலாம். ஆர்த்தோடாலிடின் என்ற சோதனைத் திரவம் சிறு பெட்டியாகக் கிடைக்கிறது. ஊராட்சித் தொட்டி இயக்குபவர்கள் குளோரின் அளவு பார்ப்பதும் இந்த முறையில்தான். குழாயில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, சொன்ன அளவு சொட்டுகளை விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சள் நிறமாகும். நிறம் மாறாவிட்டால் ஊற்றலாம். சோதித்த தண்ணீர் நஞ்சு. அதைத் தொட்டியில் ஊற்றாமல், யாரும் புழங்காத இடத்தில் கொட்டிவிட வேண்டும்.

கிணறு, போர்வெல் தண்ணீர் பாதுகாப்பானதா?

அதில் குளோரின் இருக்காது. ஆனால், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவாகவும் கரியமில வாயு அதிகமாகவும் இருக்கும். சில இடங்களில் அழுகிய முட்டை வாடை வரும். இதையும் ஒரு நாள் திறந்து வைத்து, காற்று ஏற்றித்தான் பயன்படுத்த வேண்டும். வைத்திருந்த தண்ணீர் செந்நிறமாகக் கலங்கினால் இரும்புச் சத்து அதிகம் என்று பொருள். அது செவுளில் படியும். நன்றாகத் தெளியவிட்டு மேல் தண்ணீரை மட்டும் எடுக்க வேண்டும்.

உப்பும் கடினத்தன்மையும் உள்ள தண்ணீரை மாற்றப் பணம் செலவழிப்பதைவிட, அந்தத் தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். கப்பியும் மோலியும் கடின நீரில் நன்றாக வளரும். மோலி லேசான உப்பு நீரையும் தாங்கும். டெட்ரா, ஏஞ்சல் போன்றவை மென்மையான நீரை விரும்புபவை. வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீரையும் சோதித்து, கார அமில நிலையையும் உப்பின் அளவையும் சொல்வார்கள். தொட்டி கட்டும் முன்பே அங்கு ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

புதிதாகக் கட்டிய சிமென்ட் தொட்டியில் சுண்ணாம்பு கரைந்து தண்ணீரின் காரத்தன்மை ஏறிவிடும். இரண்டு மூன்று வாரங்கள் தண்ணீரை நிரப்புவதும் வடிப்பதுமாகப் பலமுறை பதப்படுத்திய பிறகே மீன் விட வேண்டும்.

மீன் தத்தளித்தால் உடனடியாகச் செய்ய வேண்டியவை

தண்ணீர் மாற்றிய சிறிது நேரத்தில் மீன்கள் தாறுமாறாகப் பாய்வது, மேலே வந்து வாயைத் திறந்து திணறுவது, உடலில் வழவழப்பு கூடுவது ஆகியவை குளோரின் தாக்கியதன் அறிகுறிகள். பிராணவாயு குறைந்தாலும் மீன் மேலே வரும். ஆனால், தண்ணீர் மாற்றிய கையோடு திணறினால் முதலில் குளோரினைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

* பழைய தண்ணீர் அல்லது பிடித்து வைத்த தண்ணீர் இருந்தால், மீன்களை உடனே அதில் மாற்ற வேண்டும்.
* இல்லாவிட்டால், தொட்டியின் முழுக் கொள்ளளவுக்கும் கணக்கிட்டு தயோசல்பேட் கரைசலை ஊற்றிக் கலக்க வேண்டும்.
* ஏர் பம்பை முழு வேகத்தில் ஓடவிட வேண்டும்.
* இரண்டு நாள் இரை போடக் கூடாது.
* 'தண்ணீர் கெட்டுவிட்டது' என்று மறுபடியும் குழாய்த் தண்ணீரை ஊற்றக் கூடாது. பிழைத்திருக்கும் மீனும் போய்விடும்.

வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

*'ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா?'*

அதில் தாது உப்புகள் மிகக் குறைவு. தனியாக ஊற்றினால் கார அமில நிலை நிலையாக இருக்காது. கடின நீருடன் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றலாம்.

*'தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றலாமா?'*

குளோரின் போய்விடும், கூடவே பிராணவாயுவும் போய்விடும். நன்கு ஆறவைத்து, காற்று ஏற்றிய பிறகே ஊற்ற முடியும். விறகும் நேரமும்தான் வீண்.

*'இரண்டு நாள் வைத்தும் சோதனையில் மஞ்சள் நிறம் போகவில்லை. ஏன்?'*

மூலத் தண்ணீரில் அம்மோனியா இருந்தால், குளோரின் அதனுடன் சேர்ந்து குளோரமின் ஆகிவிடும். அது எளிதில் வெளியேறாது. அத்தகைய தண்ணீருக்குத் தயோசல்பேட் கட்டாயம் தேவை. அப்போது கொஞ்சம் அம்மோனியா வெளிப்படும் என்பதால், ஒரே நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் மாற்ற வேண்டாம்.

*'தொட்டியிலிருந்து எடுக்கும் பழைய தண்ணீரை என்ன செய்வது?'*

அதில் தழைச்சத்து இருக்கிறது. கத்தரி, மிளகாய், கீரைப் பாத்திக்கு ஊற்றலாம். நோய்க்காக மருந்தோ உப்போ போட்டிருந்தால் செடிக்கு ஊற்றக் கூடாது. வெளியேற்றும் தண்ணீரோடு மீன் குஞ்சுகள் ஓடை, ஏரிக்குப் போய்விடாமல் வலை கட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

*'எங்கள் தெருவில் நான்கு வீட்டில் மீன் வளர்க்கிறோம். பிளீச்சிங் பவுடரைக் குறைத்துப் போடும்படி தொட்டி இயக்குபவரிடம் சொல்லலாமா?'*

சொல்லவே கூடாது. அந்த ஒரு பிடி பவுடரை நம்பித்தான் ஊரிலுள்ள கைக்குழந்தையும் வயதானவர்களும் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். குறைக்கச் சொல்வதற்குப் பதிலாக, 'இன்று எப்போது கலக்கிறீர்கள், கூடுதலாகக் கலக்கப் போகிறீர்களா?' என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கூடுதலாகக் கலக்கும் நாளுக்கு முன்பே இரண்டு டிரம் தண்ணீர் பிடித்துவைத்துக்கொண்டால், குழந்தைக்கும் பாதுகாப்பு, மீனுக்கும் பாதுகாப்பு. குளோரினை நீக்க வேண்டிய இடம் மீன் தொட்டிதான், ஊர்த் தொட்டி அல்ல. அதுபோலவே, மீனுக்காகக் குளோரின் நீக்கிய தண்ணீரை வீட்டில் யாரும் குடிக்கக் கூடாது.